பதினெட்டு விநாடிக்கு ஒரு பீஸ்

மருந்து பாட்டில் மூடிகளைச் சோதிப்பது என் தொழில். பத்தொன்பது வருஷமாக அதையேதான் செய்கிறேன். ஒரு பெட்டியில் ஐயாயிரம் மூடி வரும். அதில் முப்பத்திரண்டை எடுத்துத் திருகிப் பார்ப்பேன், அளவெடுப்பேன். சரியாக இருந்தால் மொத்தப் பெட்டிக்கும் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் மொத்தப் பெட்டிக்கும் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சளை ஒட்டி, பெட்டியை மூலையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். மூலையில் கிடக்கிற அந்த ஐயாயிரம் மூடிகளுக்கு அவசர வேலை ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. விமான நிலையத்துக்குப் போய் வந்த பிறகு நினைக்கிறேன்.

நான் விமானம் ஏறக் கிளம்பியதே என் மகளுக்காகத்தான். அவளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைத்திருந்தார்கள். புண் ஆறியதும் வெளியே இன்னொரு பாகத்தை மாட்டி இயக்குவார்கள். அன்றைக்குத்தான் அவள் வாழ்க்கையில் முதல் சத்தம். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி என்று நாள் குறித்தார்கள். மனைவியும் மகளும் அங்கே மச்சான் வீட்டில் இருந்தார்கள். நான் இங்கே மூடிகளோடு இருந்தேன்.

மனைவி போனில் சொன்னாள்: "நாலு வருஷமா நான் அவகிட்ட பேசிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் கேக்கலை. பரவாயில்லை. முதல் சத்தம் உங்களுதா இருக்கட்டும். எப்பவாவது ரெண்டு நாள் வந்து பார்க்கிற அப்பா, இதையாவது வந்து செய்ங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நிறைய யோசித்தேன். கடைசியில் 'குட்டி' போதும் என்று முடிவு செய்தேன். நான்கு நாட்கள் குளியலறையில் நின்று விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாய் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

தொழிற்சாலையில் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். ரயிலில் போகவே முப்பது மணி நேரம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக விமான டிக்கெட் எடுத்தேன். பதினொன்று இருபதுக்கு ஒரு விமானம். அது தவறினால் ஒன்று பத்துக்கு இன்னொன்று. அதுவும் தவறினால் மறுநாள்தான். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே போய் நின்றுவிட்டேன், முதல் தடவை போகிறவனுக்கு உள்ள பயத்தில்.

பாதுகாப்புச் சோதனைக் கூடத்துக்குள் நுழைந்ததும், சொன்னால் வெட்கம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. தரையில் மஞ்சள் கோடுகள். எங்கே நிற்க வேண்டும் என்று பாதம் வரைந்திருந்தார்கள். சுவரில் பெரிய பலகை: 'குறைபாடு இல்லாத நாட்கள் - 212'. கூரையில் வரிசையாக ஒலிபெருக்கிகள். பதினெட்டு விநாடிக்கு ஒரு தடவை மணி அடித்து, பதிவு செய்த ஒரு பெண் குரல் "அடுத்தது" என்றது. அடுத்தவர் என்று சொல்லவில்லை. அடுத்தது.

பச்சை மேல்சட்டை போட்ட ஒருவர் என் சட்டையில் ஒரு சீட்டை ஒட்டினார்.

"நீங்க லாட் நாப்பத்தி ஒண்ணு. பீஸ் நம்பர் பதினேழு. லாட்டை விட்டு நகரக் கூடாது."

இருபத்தைந்து பேர் ஒரு லாட். அதில் குலுக்கல் போட்டு மூன்று பேரை எடுத்து முழுசாகச் சோதிப்பார்கள். மூவரும் சரியென்றால் இருபத்தைந்து பேரும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போகலாம். ஒருவர் தவறினாலும் லாட் மொத்தமும் நிற்கும். மூடிக்குச் செய்கிற அதே முறை. எனக்கு முன்னால் நின்ற ஓட்டல் சமையல்காரர் திரும்பி, "என்னங்க இது, நம்மளை மூட்டையில இருந்து அள்ளிப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க" என்றார். நான் கொஞ்சம் பெருமையாகவே அந்த முறையின் அருமையை அவருக்கு விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார்.

குலுக்கலில் பதினேழு வந்தது.

பெல்ட், சாவி, சில்லறை, போன் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டுவிட்டு முதல் வாசல் வழியாக நடந்தேன். வாசல் கத்தியது. இரண்டாவது வாசல் வழியாக நடக்கச் சொன்னார்கள். அது கத்தவில்லை. மறுபடி முதல் வாசல். கத்தியது. காவலர்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு கத்துது, ஒண்ணு கத்தலை. சராசரி எடுத்தா நீங்க பாதி ஆபத்து."

"பாதி ஆபத்துன்னா என்ன செய்வீங்க?"

"அதுக்கு சீட்டு இல்லை. அதான் யோசிக்கிறேன்."

லாட் நாற்பத்தொன்று மொத்தமும் மஞ்சள் கோட்டுக்குள் நின்றபடி என்னை முறைத்தது. ஒரு அம்மா, "உங்க ஒருத்தரால எங்க எல்லாருக்கும் லேட்டு" என்றார். மணி ஒன்பதரை. நேரம் இருந்தது. பேசாமல் நின்றிருந்தால் பத்து நிமிஷத்தில் ஏதோ ஒரு சீட்டை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா. தப்பான அளவு எடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வாயைக் கொடுத்தேன்.

"ஆள் கோளாறு இல்லைங்க, வாசல் கோளாறு. ரெண்டு கருவி ரெண்டு விதமா சொன்னா எங்க ஃபேக்டரில ஆளைத் திட்ட மாட்டோம். மாஸ்டர் பீஸை வெச்சுக் கருவியைச் சரிபார்ப்போம்."

"மாஸ்டர் பீஸுன்னா?"

சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மூடி இருக்கிறது. எல்லா அளவிலும் அப்பழுக்கில்லாத மூடி. கண்ணாடிப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அதை அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்போம். கருவி சரியாகக் காட்டினால்தான் மற்ற வேலை. தவறாகக் காட்டினால் கருவியைத் திருத்துவோம். இருபது வருஷமாக அந்த மூடி ஒரு பாட்டிலில்கூட ஏறியதில்லை.

மூத்த காவலர் அசையாமல் கேட்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார்.

வந்தவர் பாதுகாப்புத் தர மேலாளர். இருபது வருஷம் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்துவிட்டு இங்கே வந்தவர் என்று காவலர் மரியாதையாகச் சொன்னார். காவலர்கள் அவரைத் தங்களுக்குள் பிஸ்கட் என்றுதான் சொல்வார்களாம். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

பிஸ்கட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு வருஷமா இந்தக் கூடத்துல நிக்கிறேன். லட்சக்கணக்கான பேர் போயிருக்காங்க. எவ்வளவு நேரமாகும்னு கேட்டாங்க, கழிவறை எங்கன்னு கேட்டாங்க. அளவுக் கருவியைப் பத்திக் கேட்ட முதல் பீஸ் நீங்கதான்."

"நன்றிங்க. எனக்குப் பதினொண்ணு இருபதுக்கு..."

"முன்னாடி இங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க தெரியுமா? எல்லாரையும் சோதிச்சாங்க. ஒவ்வொருத்தரையும். எல்லாத்தையும் சோதிச்சா அதுக்குப் பேர் தரம் இல்லை, பயம். பிஸ்கட்டுக்கும் பயணிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டும் பெல்ட்ல வருது. ரெண்டும் ஓரத்துல உடையுது. ரெண்டுக்கும் ஒரு தேதி இருக்கு. பிஸ்கட் கேள்வி கேக்காது, அவ்வளவுதான்."

"இதுவரைக்கும் ஏதாவது ஆபத்தான பொருள் பிடிச்சிருக்கீங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"நாங்க பொருளைத் தேடுறதில்லை. மாறுபாட்டைத் தேடுறோம். எல்லாரும் ஒரே மாதிரி கத்தி கொண்டு வந்தா, அதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் என் சாவியும் போனும் தட்டில் இருந்தன, நான் காலில் செருப்பில்லாமல் வரைந்த பாதத்தின் மேல் நின்றிருந்தேன்.

கருவி ஆய்வு ஆரம்பித்தது. மூன்று காவலர்கள், ஆளுக்கு மூன்று தடவை, எண் காட்டுகிற ஒரு கைக்கருவியால் என்னைத் தலை முதல் கால் வரை தடவினார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க லாட்டிலிருந்து இன்னும் சிலரையும் பிடித்து நிறுத்தினார்கள். என்னை முறைத்த அம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தேழு, முப்பத்தொன்பது என்று வந்தது. கோபத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு மாணவனுக்கு வியர்த்து ஐம்பதைத் தாண்டியது. எனக்கு ஒன்பது தடவையும் நாற்பத்திரண்டு.

பத்தொன்பது வருஷம் ஒரே முக்காலியில் அசையாமல் உட்கார்ந்து மூடியைப் பார்த்தவனுக்கு வேறு எப்படி வரும். பிஸ்கட் தாளை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார்.

"வித்தியாசமே இல்லை," என்றார் கடைசியில். "என் வாழ்க்கையில ஒரு மாவுக் கலவைகூட இப்படி வந்ததில்லை."

"சரிங்க, அப்ப நான் கிளம்பலாமா?"

"எங்க?"

"விமானத்துக்கு."

அவர் என் தோளில் கை வைத்தார். குரலில் அவ்வளவு பிரியம். "நீங்களே சொல்லுங்க. உங்க ஃபேக்டரில மாஸ்டர் பீஸை வாடிக்கையாளருக்கு அனுப்புவீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தொழில் விஷயத்தில் இந்த வாய்க்குப் பொய் வராது.

"அனுப்ப மாட்டோம்," என்றேன்.

"அப்புறம்?"

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். கதவில் 'மாஸ்டர் - அனுமதியின்றித் தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வர வேண்டுமாம். அது வந்து, மாற்று மாஸ்டர் ஒருவர் கிடைத்தால் என்னை விடுவது பற்றிக் குழு கூடிப் பேசுமாம். அதுவரை சாப்பிடக் கூடாது, எடை மாறும். தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். கழிவறைக்குப் போகும்போது ஒரு காவலர் கூட வந்து, போவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டார்.

"என் போர்டிங் பாஸ்?" என்று கேட்டேன்.

"நீங்க இனிமே பயணி இல்லை. கருவி. கருவிக்கு எதுக்குப் போர்டிங் பாஸ்?" என்றார் பிஸ்கட்.

நான் பயணி இல்லை என்று ஆனதும் லாட் நாற்பத்தொன்றின் சிக்கல் தீர்ந்துவிட்டது. குலுக்கலில் எடுத்த மற்ற இருவரும் சரி. பச்சைச் சீட்டு ஒட்டி இருபத்து நான்கு பேரையும் உள்ளே அனுப்பினார்கள். முறைத்த அம்மா போகிறபோது கண்ணாடி வழியாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த முறைப்பே தேவலை என்றிருந்தது.

பத்து நிமிஷத்தில் சமையல்காரர் மட்டும் உள்ளேயிருந்து வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். பையை மார்போடு அணைத்திருந்தார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. பையில என் கத்தி இருக்கு. காய் வெட்டுறது. ஒன்றரை அடி. வீட்டுல எடுத்து வெக்க மறந்துட்டேன். வாங்கிக்கோங்க."

"எந்த லாட்?" என்றார் பிஸ்கட்.

"நாப்பத்தி ஒண்ணு."

"அது பாஸான லாட்."

"இருக்கலாம் சார். ஆனா கத்தி இருக்கு."

"இருக்கட்டும். ஆயிரத்துல ஒண்ணு தவறிப் போகும்னு கணக்குலயே விட்டிருக்கோம். அந்த ஒண்ணு நீங்க. உங்களுக்கு ஏற்கனவே இடம் ஒதுக்கியாச்சு."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், கணக்கு சரிதான்.

"சார், கத்தியோட நான் எப்படி ஏறுறது?"

"நீங்க கொண்டு போகலை. லாட் கொண்டு போகுது. இப்ப நான் அதை வாங்கினா அந்தப் பலகையில இருநூத்திப் பன்னெண்டை அழிச்சுட்டு சைபர் போடணும். நாளைக்கு விருதுக் குழு வருது. ஒரு காய் வெட்டுற கத்திக்காக இருநூறு பேர் உழைப்பை வீணாக்கச் சொல்றீங்களா?"

"அப்ப அந்தக் குப்பைத் தொட்டியில போட்டுடட்டுமா?"

"குப்பைத் தொட்டி வேற துறை."

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு பையைத் தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி பக்குவமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பதினொன்று இருபது விமானம் அவரோடும் கத்தியோடும் போய்விட்டது. நான் நாற்பத்திரண்டாக உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு விநாடிக்கு ஒரு தடவை, என் உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்த ஒலிபெருக்கி "அடுத்தது" என்றது.

ஒன்று பத்து விமானத்தையாவது பிடிக்க வேண்டும். யோசித்தேன். மாஸ்டர் பீஸை எப்போது தூக்கி எறிவோம்? கீறல் விழுந்தால், அளவு மாறினால். சரி, மாறிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அரை மணிக்கு ஒரு தடவை என்னை வாசல் வழியாக நடக்க வைத்து வாசலைச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு மணி நடைக்குப் போகும்போது என் தட்டு மேஜை ஓரத்தில் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது சாவிக் கொத்து, சில்லறை, பெல்ட், போன் எல்லாவற்றையும் அள்ளிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

இரண்டு வாசலும் கூடம் அதிரக் கத்தின. எனக்கு அந்தச் சத்தம் தேனாக இருந்தது.

"மாஸ்டர் கெட்டுப்போச்சு," என்றேன். "தூக்கிப் போட்டுடுங்க."

மூத்த காவலர் என் பையைத் தொட்டுப் பார்த்து, "சாவி வெச்சிருக்கார் சார்" என்று சொல்லவும் செய்தார். நல்ல மனுஷன். ஆனால் பிஸ்கட் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"மாஸ்டர் தப்பா இருக்க முடியாது. இருந்தா அதுக்குப் பேர் மாஸ்டர் இல்லை. அவரே காலைல சொன்னார், கருவி தவறா காட்டினா கருவியைத் திருத்தணும்னு. வாசலைத் திருத்துங்க."

திருகாணியைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார்கள். என்னை நடக்க வைத்தார்கள், திருப்பினார்கள், மறுபடி நடக்க வைத்தார்கள். அரைக் கிலோ சாவிக் கொத்தோடு நான் நடந்தும் வாசல் மூச்சு விடாத நிலை வரும்வரை திருப்பினார்கள். அதன் பிறகு அந்தக் கூடத்தில் எந்த வாசலும் யாருக்கும் கத்தவில்லை. குலுக்கலில் வந்தவர்கள் இரும்புப் பெட்டியோடு நடந்தாலும் அமைதி. பிஸ்கட் கண்ணை மூடி அந்த அமைதியைக் கேட்டார்.

"கேளுங்க. இதுதான் தரம்," என்றார்.

எனக்குக் கிடைத்த ஒரே லாபம், பையில் இருந்ததெல்லாம் மாஸ்டரின் பாகம் ஆகிவிட்டது. என் போனைப் பிடுங்க இனி அவர்களுக்கே அதிகாரம் இல்லை. ஒன்று பத்து விமானம் போன பிறகு மனைவிக்கு அடித்தேன்.

"எங்க இருக்கீங்க? இறங்கிட்டீங்களா?"

"இல்லை. இன்னும் சோதனைக் கூடத்துலயே இருக்கேன்."

"என்ன பண்ணீங்க? எதையாவது எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஒண்ணும் இல்லை. நான் சரியா இருக்கேனாம். ரொம்ப சரியா இருக்கேனாம். அதனால விட மாட்டேங்கிறாங்க."

அவள் சொன்னாள்: "பதினோரு வருஷமா உங்களைப் பத்தி நான் சொல்லாத வார்த்தை இது ஒண்ணுதான். சரியா இருக்கீங்களாம். கண்டவங்க சொல்றாங்க." அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "நாலு மணிக்கு போனைக் கையில வெச்சிருங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். போன்லயாவது கூப்பிடுங்க."

மூன்று மணிக்குப் பிஸ்கட்டை மறுபடி கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் வயது, அறுவை சிகிச்சை, நான்கு மணி, முதல் சத்தம் எல்லாம். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"எனக்கும் ஒரு மக இருக்கா," என்றார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? நீளம்னு ஒரு கட்டம் இருக்கு, எடைன்னு இருக்கு, வெப்பம்னு இருக்கு. அளக்க முடியாததை நான் மதிக்க மாட்டேன்னு சொல்லலை. அது நடந்ததுன்னு காட்ட என்கிட்ட இடம் இல்லைன்னு சொல்றேன்."

அவரைத் திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு முந்தின மாதம் ஒரு லாரி டிரைவர் என்னிடம் வந்து, ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறார்கள், அந்த மஞ்சள் சீட்டுப் பெட்டியைச் சீக்கிரம் பார்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அதை எழுத என் தாளிலும் கட்டம் இல்லை என்று இதே அமைதியோடு நான் சொன்னேன். அது ஞாபகம் வந்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு மணிக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரி அறையின் அமைதி கேட்டது. கருவி பொருத்துகிற அம்மா, "சத்தம் யாரும் போடாதீங்க. நான் கை காட்டினதும் அப்பா மட்டும் பேசலாம்" என்று சொன்னது கேட்டது. மனைவி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அவள் வளையல் மட்டும் ஒரு தடவை போனில் இடித்தது. மச்சான் மெதுவாக, "மாட்டியாச்சு. இப்ப போடுறாங்க. பேசுங்க" என்றார்.

மூச்சை இழுத்தேன். நான்கு நாள் குளியலறையில் பழகியதை ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

உச்சந்தலைக்கு மேலே மணி அடித்தது. "அடுத்தது."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம், மூச்சு முட்டுகிற மாதிரி. பிறகு மனைவி தன்னையும் மீறிப் பேசினாள். "திரும்பிட்டா. ஏங்க, கேட்டுருச்சு அவளுக்கு. போனையே பார்க்கிறா. கண்ணை அகலமா விரிச்சுப் போனையே பார்க்கிறா. என்ன சொன்னீங்க, எனக்குச் சரியா விளங்கலை."

நான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது. "குட்டி" என்று கூப்பிட்டேன். குரல் உடைந்து, கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. மறுபடி முயன்றேன். அதற்குள் பதினெட்டு விநாடி ஆகிவிட்டது.

"அடுத்தது."

போனை அணைத்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல், கண்ணாடிக்குள் உட்கார்ந்து, வரிசையில் நின்ற லாட் எழுபத்தாறு மொத்தமும் பார்க்க அழுதேன். மூத்த காவலர்தான் முதலில் ஓடி வந்தார். துண்டைக் கொடுத்தார். பின்னாலேயே பிஸ்கட் வந்தார். என் கன்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இது என்ன?"

"அழுகிறார் சார்," என்றார் காவலர்.

"ஈரம்," என்றார் பிஸ்கட். இரண்டடி பின்னால் போனார். "மாஸ்டர்ல ஈரம். எப்ப இருந்து? நான் இருபது வருஷம் பிஸ்கட்ல இருந்தவன்யா. எதை வேணும்னாலும் தாங்குவேன், ஈரத்தைத் தாங்க மாட்டேன். ஒண்ணுல ஈரம் வந்தா பெட்டியே போச்சு. வெளிய எடுங்க. உடனே. மத்த பீஸ் பக்கத்துல கொண்டு போகாதீங்க."

ஆறரை மணி நேரம் கெஞ்சியும் திறக்காத கதவு அரை நிமிஷத்தில் திறந்தது. என் சட்டையில் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். 'உபயோகத்துக்கு அல்ல'. பின்பக்கமாக நடத்திக்கொண்டு போய்த் தெருவில் விட்டார்கள். மூத்த காவலர் வாசல் வரை வந்து, "இது தெரிஞ்சிருந்தா காலைலயே உங்களை அழ வெச்சிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். மணி நான்கு இருபது. அன்றைக்கு விமானம் இல்லை. ரயிலுக்குப் போனேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்குக் கூப்பிட்டது யார் என்று மனைவிக்கு ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கூப்பிட்டது யாரா இருந்தா என்ன, திரும்பினா இல்ல" என்றாள். போன மாதம் நான் எங்கள் தொழிற்சாலையில் இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டேன். லீவுத் தாளில் காரணத்துக்குக் கட்டம் சின்னதாக இருந்தது. ஓரத்தில் எழுதினேன். லீவு கிடைத்தது.

மகள் முதல் வார்த்தை பேசியபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பொம்மைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொம்மையின் தலையையும் தடவிவிட்டு நகர்ந்தாள். முதல் பொம்மை முடிந்ததும் தலையை நிமிர்த்திச் சத்தமாக, "அத்தது" என்றாள். மனைவி கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். நாங்கள் அப்பா, அம்மா என்று எட்டு மாதமாகத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்திருந்தோம். "அத்தது" என்று மறுபடி சொல்லிவிட்டு மகள் அடுத்த பொம்மைக்குப் போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. போய்க் கடைசிப் பொம்மைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

எல்லாப் பொம்மையையும் முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். தலையைத் தடவினாள். காதைத் தடவினாள். சந்தேகம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி தடவினாள். எனக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். நான் அப்படியே நின்றிருந்தேன்.